மெம்பரேன் வைத்துக் கரியமில வாயுவைப் பிடித்தால் சுற்றுச்சூழல் கணக்கு எப்படி வரும்?

சுண்ணாம்புக்காடு (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் அரியலூர் பக்கம், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம், அதைத் தாண்டினால் சிமென்ட் ஆலை. எந்த ஆலை என்பது வேண்டாம்.

போன மாதம் ஊர்ப் பெரியவர்களையும் ஆசிரியர்கள் சிலரையும் கூப்பிட்டு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். சூளைப் புகையில் இருக்கும் கரியமில வாயுவை மெம்பரேன் மூலம் பிரித்தெடுக்கப் போகிறார்களாம். ரசாயனம் கிடையாது, நீராவி கிடையாது, கழிவு கிடையாது, வடிகட்டி போலத்தான் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல விஷயமாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இருபது வருடமாக இந்தத் தூசியில் இருக்கிறோம். "எதுவுமே கிடையாது" என்று யாராவது சொன்னால் மனது ஒப்ப மறுக்கிறது. அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதைக் கேட்பது?

மூலக்கூறு, ஞாயிறு இரவு 10.05

அண்ணா, நான் ஆராய்ச்சி மாணவி, பாலிமர் மெம்பரேன்தான் என் வேலை. அதனால் எனக்கு இதன் மேல் பாசம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரசாயனம் கிடையாது என்பது எதோடு ஒப்பிட்டுச் சொல்வது என்று பாருங்கள். கரியமில வாயுவைப் பிடிக்க இப்போது பெரிய அளவில் நடக்கும் முறை அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல். புகையை அமீனில் கழுவினால் வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். வழக்கமான அமீனில் ஒரு டன்னுக்கு மூன்றரை கிகாஜூல் அளவுக்கு வெப்பம் செலவாகும். கரைசலும் மெல்லச் சிதையும், கொஞ்சம் காற்றிலும் போகும். அப்படிப் போனது வெளியில் நைட்ரோசமைனாக மாறலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் வகை. நோர்வேயில் மோங்ஸ்டாட் சோதனை மையம் திறக்கும் முன்பே அந்த நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் இதற்கு வரம்பு பரிந்துரைத்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 0.3 நானோகிராமுக்கு மேல் போகக்கூடாது. எவ்வளவு கறாரான எண் பாருங்கள்.

மெம்பரேனில் இந்தச் சிக்கல் இல்லை. மெல்லிய பாலிமர் படலம், அதன் வழியே கரியமில வாயு நைட்ரஜனைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைந்து ஊடுருவிப் போகும். அதனால் உங்கள் ஊர்க்காரர்கள் மூச்சு விடும் காற்றைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரி.

ஆனால் "வடிகட்டி போல" என்ற சொல்லில் ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. வடிகட்டியில் ஊற்றினால் தானாக இறங்கும். இது தானாக இறங்காது. ஒரு பக்கம் அமுக்க வேண்டும், அல்லது மறுபக்கம் வெற்றிடம் வைத்து உறிஞ்ச வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம்தான். நீராவி கிடையாது என்பதன் மறுபக்கம் அதுதான்.

பழைய_கொதிகலன், திங்கள் காலை 6.40

அனல் மின் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெண் சரியான இடத்தைத் தொட்டுவிட்டது.

ஆசிரியர் தம்பிக்கு ஒரே ஒரு கேள்விதான் கொடுப்பேன்: உங்கள் கம்ப்ரசருக்கும் வேக்குவம் பம்ப்புக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

காரணம் சொல்கிறேன். சிமென்ட் ஆலைகள் பலவற்றில் சொந்தமாக நிலக்கரி மின் நிலையம் உண்டு. ஒரு டன்னைப் பிரிக்க 300 யூனிட், பிறகு அதைக் குழாயில் அனுப்பும் அழுத்தத்துக்கு ஏற்ற 100 யூனிட் என்று தோராயமாக வைப்போம். ஆண்டுக்கு பத்து லட்சம் டன் பிடித்தால் 40 கோடி யூனிட். இரவும் பகலும் நிற்காமல் 46 மெகாவாட். நம் நாட்டு மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது. ஆக 2.8 லட்சம் டன் வேறொரு சிம்னியில் புதிதாகக் கிளம்பும். சொந்த நிலக்கரி நிலையத்தில் எடுத்தால் யூனிட்டுக்கு ஒரு கிலோவே வரும், அப்போது 4 லட்சம் டன். பலகையில் பத்து லட்சம் என்று எழுதுவார்கள், வானத்தில் உண்மையாகக் குறைவது ஆறு லட்சம்தான்.

பிடித்த டன் வேறு, தவிர்த்த டன் வேறு. இந்த இரண்டையும் கலந்து பேச விடாதீர்கள்.

அந்த நிலக்கரியோடு சாம்பலும் வரும், சுரங்கமும் வரும், லாரியும் வரும். பன்னாட்டுக் காலநிலைக் குழு 2005இலேயே தனி அறிக்கை போட்டது. கரியமில வாயு பிடிக்கும் கருவி வைத்த மின் நிலையம் அதே மின்சாரத்தைக் கொடுக்க 10 முதல் 40 விழுக்காடு வரை கூடுதல் எரிசக்தி கேட்கும் என்று அதில் இருக்கிறது. கூடுதலாக எரிப்பதன் தூசி யார் வீட்டில் விழும் என்று அந்த எண் சொல்லாது.

முத்துக்குளி, திங்கள் காலை 8.22

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இந்த மொத்தத் திட்டத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் 2016லேயே நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் ஆலை வந்தது, அமீன் வகைதான். அதை வைத்துச் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) தயாரித்தார்கள். அரசு மானியம் இல்லாமல் செய்த முதல் ஆலை என்று உலகம் முழுக்கச் செய்தி. நானும் பெருமைப்பட்டவன்தான். பிறகுதான் யோசித்தேன். சோடா சாம்பல் கண்ணாடி ஆலைக்குப் போனால் உலையில் உருகும்போது அதே கரியமில வாயு வெளியே வந்துவிடுகிறதே. பிடித்தோம், சில மாதம் வைத்திருந்தோம், வேறு ஊரில் விட்டோம். மெம்பரேனில் பிடித்தாலும் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? இடம் சொல்லாதவரை இது சிம்னியைக் காப்பாற்றும் வேலை.

பழைய_கொதிகலன், திங்கள் காலை 9.01

முத்துக்குளி தம்பி, மின் நிலையத்துக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சூரியனும் காற்றும் இருக்கும்போது நிலக்கரிப் புகையைச் சுத்தம் செய்து கொண்டாட வேண்டியதில்லை, அங்கேயே வேலை பார்த்த நான் சொல்கிறேன். சிமென்ட் வேறு. அங்கே வரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே சுடும்போது விடுவது. ஒரு டன் கிளிங்கருக்கு (சூளையிலிருந்து வரும், அரைத்தால் சிமென்டாகும் கட்டி) அரை டன்னுக்குச் சற்று மேல் கல்லிலிருந்தே வரும். சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் அது நிற்காது. சிமென்டில் கிளிங்கரைக் குறைக்கலாம், சாம்பலும் கசடும் சேர்க்கலாம். மிச்சத்துக்கு வழி வேண்டாமா?

சேமிப்பிடம் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வடதுருவம், திங்கள் மதியம் 1.47

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் முப்பது வருசமாக இருக்கிறேன். பிரேவிக் சீமெந்துத் தொழிற்சாலை எங்கட வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம். அந்தக் கதை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

அங்கே 2013 தொடக்கம் 2017 வரை நாலு முறைகளை ஆராய்ந்தவை, அதில் மூன்றை உண்மையான சூளைப் புகையிலேயே சோதித்தவை. அமீன், திண்ம உறிஞ்சி, மெம்பரேன் மூன்றும் அப்படி; நாலாவது சுண்ணாம்புச் சுழற்சி. மெம்பரேனை ஆக்கினது துரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்து ஆக்கள். கடைசியில் தெரிவு செய்தது அமீனைத்தான். அதுக்கு ஒரு காரணம் விளங்கிக்கொள்ள வேண்டும்: சூளையில் வீணாகப் போகிற வெப்பம் அங்கே கிடந்தது. அந்த வெப்பத்துக்கு எவ்வளவு பிடிக்கலாமோ அவ்வளவுதான் பிடிக்கிறார்கள், வருசம் 4 லட்சம் தொன், தொழிற்சாலை விடுகிறதில் கிட்டத்தட்ட அரைவாசி. 2025 ஜூனில் திறந்துவைத்தார்கள். திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி மேற்குக் கரையில் ஓய்கார்டனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நூறு கிலோமீட்டர் குழாயில் கடலுக்குள் அனுப்பி, கடலடித் தரைக்குக் கீழே 2,600 மீட்டரில் இறக்குகிறார்கள்.

இங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின். அப்படியிருந்தும் மெம்பரேனை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு முறை நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்கக்கூடாது என்பது என்ட கருத்து. அந்தத் தொழிற்சாலையில் என்ன மிச்சமாகக் கிடக்கிறது, வெப்பமா மின்சாரமா என்று கேட்கவேண்டும்.

சாயத்துளி, திங்கள் இரவு 8.30

திருப்பூர். சாயப்பட்டறைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஆர்ஓ பிரிவு பார்க்கிறேன். வாயு மெம்பரேன் எனக்குத் தெரியாது, தண்ணி மெம்பரேனோடு பதினாலு வருடம் பழக்கம்.

2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் எல்லாப் பட்டறையும் மூடிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்புறம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறை வந்தது. தண்ணி தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது, உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் தண்ணியிலிருந்து பிரித்த உப்பு? கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது, வாங்க ஆள் இல்லை. மெம்பரேன் எதையும் அழிப்பதில்லை. இரண்டாகப் பிரிக்கும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் சுத்தமாக ஆக ஆக, அந்தப் பக்கம் சேருவது கெட்டியாகும்.

இன்னொன்று, மெம்பரேனுக்கு ஆயுசு உண்டு. எங்களுக்கு மூன்று வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலு. அழுக்கு ஏறினால் கழுவுகிறோம், கழுவிக் கழுவி ஒரு நாள் போய்விடும். பழையதைத் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. பல பிளாஸ்டிக், பசை, நடுவில் வலை, வெளியே கண்ணாடி இழை. ஆசிரியர் அண்ணா இதைக் கேளுங்கள்: தேய்ந்த மெம்பரேன் எங்கே போகும்?

சுண்ணாம்புக்காடு, திங்கள் இரவு 9.15

சாயத்துளி, எனக்குப் பயமாக இருந்தது இதுதான். எவ்வளவு மெம்பரேன் தேவைப்படும்? ஒரு அறை அளவா, ஊர் அளவா?

மூலக்கூறு, திங்கள் இரவு 11.20

அண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொதிகலன் ஐயா எடுத்த அதே பத்து லட்சம் டன். மெம்பரேனின் ஊடுருவு திறன் 1,000 ஜிபியு (வாயு எவ்வளவு வேகமாகத் தாண்டும் என்பதை அளக்கும் அலகு) என்று வைக்கிறேன், இன்று சந்தையில் இருக்கும் நல்ல வகை அந்த அளவுதான். இரு பக்கமும் கரியமில வாயுவின் பகுதி அழுத்த வித்தியாசம் சராசரி 5 கிலோபாஸ்கல். வருவது சுமார் நாலரை லட்சம் சதுர மீட்டர், விரித்துப் போட்டால் 110 ஏக்கர். அதைச் சுருட்டி அடைப்பார்கள். சாயத்துளி அண்ணா கையாளும் எட்டு அங்குல உருளை ஒன்றில் 37 சதுர மீட்டர் இருக்கும், அந்தக் கணக்கில் 12,000 உருளை.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. நானும் இதுதான் பெரிய பிரச்சினை என்று நினைத்தேன். எடை போட்டதும் மாறிவிட்டது. ஒரு உருளை 15 கிலோ, ஆயுள் நாலு வருடம் என்றால் ஆண்டுக்கு 45 டன் கழிவு. பிடிக்கும் ஒரு டன் வாயுவுக்கு 45 கிராம். பழைய வகை அமீனில் ஒரு டன்னுக்கு ஒன்றரை கிலோ வரை கரைசல் வீணாகும், அது ஆண்டுக்கு 1,500 டன். எடையை மட்டும் பார்த்தால் மெம்பரேன் எவ்வளவோ மேல். ஐயா சொன்ன 2.8 லட்சம் டன் பக்கத்தில் இந்த 45 டன்னை வைத்துப் பாருங்கள். கூட்டத்தில் நேரம் குறைவாகக் கிடைத்தால் கழிவுக் கேள்வியைவிட மின்சாரக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

ஆனால் எடையோடு கதை முடியவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. மெம்பரேனைத் தாங்கும் அடுக்கு சிலவற்றில் பிவிடிஎஃப், அது ஃப்ளூரின் சேர்ந்த பாலிமர். "என்றும் அழியாத ரசாயனங்கள்" என்று செய்தியில் வருகிறதே, அந்தக் குடும்பம். 2023 பிப்ரவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நோர்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளின் முன்மொழிவு வெளியானது. அந்தக் குடும்பம் முழுவதையும் ஐரோப்பாவில் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது அது, இந்தப் பாலிமர்களும் அதில் அடக்கம். அதைச் சூளையில் போட்டு எரித்துவிடுவோம் என்று சொன்னால் என்ன வெப்பத்தில், வெளிவரும் ஃப்ளூரினை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.

பிறந்த கதையும் இருக்கிறது. படலம் வார்க்க என்எம்பி, டிஎம்எஃப் போன்ற கரைப்பான்கள் பயன்படுத்துகிறோம். இரண்டுமே கருவைப் பாதிக்கும் என்று வகைப்படுத்தப்பட்டவை. வார்த்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கும்போது அந்தக் கரைப்பான் முழுவதும் தண்ணீருக்குப் போகிறது. என் ஆய்வகத்தில் ஒரு உள்ளங்கை அளவு படலத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் வீணாவதை நானே தினம் பார்க்கிறேன். தொழிற்சாலையில் திரும்ப எடுப்பார்கள், எடுத்தாக வேண்டும். அரியலூரில் "ரசாயனம் கிடையாது" என்றால் மெம்பரேன் செய்யும் ஊரில் இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய_கொதிகலன், செவ்வாய் காலை 6.15

நல்ல கணக்கு அம்மா. இதில் ஒன்றைச் சேர். புகையை அப்படியே மெம்பரேனுக்குக் கொடுக்க முடியாது. தூசி, கந்தக டை ஆக்சைடு எல்லாம் எடுத்து, நாற்பது டிகிரி பக்கம் குளிர்வித்துத்தான் அனுப்ப வேண்டும். கந்தகத்தை விட்டால் அதுவும் கரியமில வாயுவோடு சேர்ந்தே தாண்டிப் போகும். ஊர் மக்களுக்கு இது லாபம்: மெம்பரேனைக் காப்பாற்றவாவது புகையை இப்போதிருப்பதைவிடச் சுத்தம் செய்தாக வேண்டும். மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பு 2015 டிசம்பரில் வந்தது, தவணை தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தாகிவிட்டது. அதைப் பார்த்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

குளிர்விக்கும்போது புகையில் இருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கும். "தண்ணீர் மிச்சம்" என்று அதையும் படத்தில் காட்டுவார்கள். அது அமிலத் தண்ணீர், சுத்திகரிக்காமல் ஓடையில் விடக்கூடாது.

அப்புறம் சத்தம். அத்தனை பெரிய வேக்குவம் பம்ப்பு இரவெல்லாம் ஓடும். நாலு கிலோமீட்டரில் கேட்காது, ஆலைச் சுவரை ஒட்டிய தெருவில் இருப்பவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.

முத்துக்குளி, செவ்வாய் காலை 10.40

மின்சாரம்தான் பெரிய கணக்கு என்றால், சூரிய மின்சாரத்தில் ஓட்டுவோம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்களே?

மூலக்கூறு, செவ்வாய் மதியம் 12.10

சொல்லட்டும், சொன்னால் நிலம் எவ்வளவு என்று கேளுங்கள். சராசரி 46 மெகாவாட் வேண்டுமானால் சூரியத் தகடு 230 மெகாவாட் அளவுக்குப் போட வேண்டும், ஆயிரம் ஏக்கர் பக்கம் வரும். அதே மின்சாரத்தைக் கட்டமைப்பில் விட்டு நிலக்கரியைக் குறைத்தாலும் 2.8 லட்சம் டன் மிச்சமாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் மெம்பரேனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அமீன் கோபுரத்தைச் சூடாக்கி நிலைக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். மெம்பரேன் சில நிமிடத்தில் தொடங்கும், நிற்கும். வெயில் இருக்கும்போது ஓட்டி, இரவில் நிறுத்தலாம். ஆண்டில் பிடிக்கும் அளவு குறையும், பிடிக்கும் ஒவ்வொரு டன்னும் உண்மையான டன்னாக இருக்கும்.

அதோடு, 90 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்று அடம்பிடிக்காமல் 60 போதும் என்றால் மெம்பரேன் பரப்பும் டன்னுக்கான மின்சாரமும் நன்றாகக் குறையும். கடைசி முப்பதுதான் உயிரை வாங்கும், அப்போது புகை நீர்த்துப்போயிருக்கும். இரு பக்க அழுத்தங்களின் விகிதம் எத்தனை மடங்கோ, உள்ளே வரும் செறிவை அத்தனை மடங்குக்கு மேல் மெம்பரேனால் செறிவாக்கவே முடியாது, எவ்வளவு நல்ல பாலிமராக இருந்தாலும். வெற்றிடம் வைத்து ஐந்து மடங்கு விகிதம் கொடுத்தால், கரியமில வாயு 4 விழுக்காடு இருக்கும் எரிவாயு மின் நிலையப் புகையில் அதிகபட்சம் 20தான் கிடைக்கும். 13 இருக்கும் நிலக்கரிப் புகையில் 65. சிமென்ட் சூளையில் 20 பக்கம் இருக்கிறது, அங்கே இந்த வரம்பு கையைக் கட்டாது. அதனால்தான் மெம்பரேனுக்குச் சரியான இடம் என்று ஒன்று இருந்தால் அது சிமென்ட், இரும்பு ஆலைகள் என்று நான் நம்புகிறேன். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து டிரை ஃபோர்க் நிலக்கரி மின் நிலையத்தில் நாளுக்கு 150 டன் பிடிக்கும் மெம்பரேன் சோதனை ஆலை அமைத்திருக்கிறார்கள், புகை பிடிப்பில் மெம்பரேனுக்கு அதுவே பெரிய அளவு. உங்கள் ஊரில் பத்து லட்சம் டன் என்றால் நாளுக்கு 2,700 டன். அந்தத் தாவலை யார் எங்கே செய்து பார்த்தார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

வடதுருவம், செவ்வாய் மாலை 5.33

முத்துக்குளி தம்பி தொடங்கின கேள்வியை விட்டிடாதேங்கோ, எங்கே வைக்கிறது என்ற கேள்வியை. குழாயில் கொண்டுபோனால் அந்தப் பாதையில் இருக்கிற ஊர்களும் இந்தக் கணக்கில் வரவேணும். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் சட்டார்ஷியா என்ற சின்ன ஊரில் 2020 பெப்ரவரி 22 அன்று கரியமில வாயுக் குழாய் வெடித்தது. அந்த வாயு காற்றைவிடப் பாரம், பள்ளத்தில் தேங்கி நிண்டது. ஒட்சிசன் இல்லாமல் கார் என்ஜின்கள் நின்றுபோயின, தப்பி ஓடக்கூட வழியில்லை. ஒருவரும் சாகவில்லை, நாற்பத்தைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இருநூறு பேரளவில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். மெம்பரேனோ அமீனோ, பிடித்த பிறகு இரண்டும் ஒரே வாயுதான்.

சுண்ணாம்புக்காடு, செவ்வாய் இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளில் ஒரு வருடப் பாடம் படித்தது போல இருக்கிறது. கூட்டம் வியாழன் காலை 11 மணிக்கு. இப்படி எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

"பிடிக்கும் டன்னைச் சொன்னீர்கள். தவிர்க்கும் டன் எவ்வளவு? பம்ப்புகளுக்கான மின்சாரம் சொந்த நிலக்கரி நிலையத்திலிருந்தா, வெளியிலிருந்தா? அதற்குத் தனி மீட்டர் வைத்து மாதாமாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவீர்களா? பிடித்த வாயு எந்த வழியாக, எந்த இடத்துக்குப் போகும்? மெம்பரேனில் ஃப்ளூரின் பாலிமர் உண்டா, தேய்ந்ததை யார் திரும்ப எடுப்பார்கள்? குளிர்விக்கும்போது வரும் அமிலத் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?"

சாயத்துளி, செவ்வாய் இரவு 10.08

"யார் திரும்ப எடுப்பார்கள்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எங்களிடம் வாய்ச்சொல்லாக இருந்தது, பழைய உருளைகள் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கின்றன.

பழைய_கொதிகலன், புதன் காலை 5.55

மீட்டர் கேள்வி அருமை. கம்ப்ரசருக்கும் வேக்குவம் பம்ப்புக்கும் மட்டும் வைத்துவிட்டு, குளிர்விப்புக்கும் விசிறிக்கும் வைக்காமல் விடுவார்கள். "பிடிப்புப் பிரிவு முழுவதற்கும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்காடு, புதன் காலை 7.20

சேர்த்துவிட்டேன் ஐயா. மூலக்கூறு, அந்த மின்சாரக் கணக்கையும் மெம்பரேன் பரப்புக் கணக்கையும் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதிப் போட முடியுமா அம்மா? ஊராட்சித் தலைவருக்கும் இரண்டு வார்டு உறுப்பினர்களுக்கும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூலக்கூறு, புதன் காலை 7.41

இன்று இரவுக்குள் போடுகிறேன் அண்ணா. எதையெல்லாம் தோராயமாக எடுத்தேன் என்பதை மேலேயே எழுதிவிடுகிறேன். அவர்களிடம் வேறு எண் இருந்தால் அதைப் போட்டு அங்கேயே கணக்குப் பார்க்கட்டும்.